லயத்துக்கு வெளியே ஒரு துணை

கெடாவின் கூலிம் மாவட்டத்திலுள்ள பாடாங் மேஹா போன்ற ரப்பர்த் தோட்டங்களில், லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்த பால்மரத் தொழிலாளர்க்கு நெடுங்காலம் கைக்கெட்டிய மருத்துவம் 'டிரசர்' எனும் மருத்துவ உதவியாளரே. வேலை நேரத்தில் பிள்ளைகளைக் காக்க ஆயாக் கொட்டகை இருந்ததேயன்றி, புற்றுநோய் போன்ற பிள்ளையின் கொடுநோயால் உடையும் பெற்றோரைத் தாங்க அண்டை வீட்டாரும் அம்மன் கோயிலுமே இருந்தனர்.

இதைத் தோட்டத்தின் குறையாக மட்டும் கொள்வது நியாயமன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழு தந்த அமினாப்டெரின் மருந்தால், குழந்தைகளின் ரத்தப் புற்றைத் தற்காலிகமாகத் தணிக்க முடிந்ததெனப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1948இல் அறிவிக்கும்வரை, அந்நோய் பெரும்பாலும் சில மாதங்களில் உயிரைப் பறித்தது. சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீண்ட பின்னரே பெற்றோரின் மனச்சுமையும் மருத்துவத்தின் பொருளாயிற்று.

மலேசியாவில் 1966இல் தோன்றிய தேசியப் புற்றுநோய்க் கழகம், சிகிச்சைக்கு வரும் சிறாரும் பெற்றோரும் தங்கக் கோலாலம்பூரில் பின்னர் இல்லம் அமைத்தது. நாட்கூலியை இழந்து தொலைவிலுள்ள மருத்துவமனையில் காத்திருக்கும் தாய்க்கு, தங்குமிடமும் தமிழில் பொறுமையாகக் கிடைக்கும் விளக்கமும் உளவியல் ஆதரவின் புறத்தேவைகள் அல்ல, அதன் முதற்படியே.