1786: ஓராண்டின் இரு தொடக்கங்கள்

முன்னுரை

உலக வரலாற்று நூல்கள் 1786ஆம் ஆண்டை விரைந்து கடந்து செல்வது வழக்கம். அமெரிக்க விடுதலைப் போருக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் இடைப்பட்ட அமைதிக் காலமாகவே அது கருதப்படுகிறது. எனினும், தமிழியல் நோக்கில் அவ்வாண்டு இரு பெரும் போக்குகளின் தோற்றுவாயாக அமைந்தது. ஒன்று மொழியாய்வு, மற்றொன்று குடிப்பெயர்வு.

உலகச் சூழல்

அவ்வாண்டு மே 1இல் வியன்னாவில் மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' அரங்கேறியது. ஆகஸ்ட் 8இல் பால்மாவும் பக்கார்டும் மோன் பிளாங்க் சிகரத்தை முதன்முதலாக எட்டினர். ஆகஸ்ட் 17இல் பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் மறைந்தார். மூன்று நாள் கழித்து, பிரான்சின் நிதியமைச்சர் கலோன் அரசின் கடன்சுமையை நீக்கும் சீர்திருத்தத் திட்டத்தைப் பதினாறாம் லூயியிடம் அளித்தார். அது நிறைவேறாமையே புரட்சிக்கு வழிகோலிய காரணங்களுள் ஒன்றாயிற்று. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ், செப்டம்பரில் தலைமை ஆளுநராகக் கல்கத்தா வந்திறங்கினார்.

கல்கத்தாவில் ஓர் உரை

பிப்ரவரி 2இல் ஆசியக் கழகத்தின் ஆண்டுவிழாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை, சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருத்தல் வேண்டும் என்று கூறியது. ஒப்பிலக்கண ஆய்வுக்கு அது பெருந்தூண்டுதலாயிற்று. தென்னிந்திய மொழிகளின் தோற்றம் அவ்வுரையின் பொருளன்று. அம்மொழிகள் சமற்கிருதத்திலிருந்து பிறந்தவை என்னும் கருத்தே பின்னரும் ஐரோப்பிய அறிஞரிடையே நிலவியது. சரியாக முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1816இல், சென்னையில் பணியாற்றிய எல்லிஸ், கேம்பலின் தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய குறிப்புரையில், தென்மொழிகள் தனிக் குடும்பத்தைச் சார்ந்தவை என்பதைச் சான்றுகளுடன் நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது.

பினாங்கில் ஒரு துறைமுகம்

ஆகஸ்ட் 11இல் பிரான்சிஸ் லைட், கெடா சுல்தானுக்குரிய பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். பகைவர் தாக்கினால் கம்பெனி படையுதவி அளிக்கும் என்று சுல்தான் எதிர்பார்த்தார், அவ்வுதவி கிட்டவில்லை. 1791இல் தீவை மீட்க அவர் மேற்கொண்ட முயற்சியும் தோற்றது. ஆண்டுக்கு 6,000 வெள்ளி என்னும் உடன்படிக்கையே எஞ்சியது.

சுங்கவரியற்ற அத்துறைமுகத்தைச் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர்களாகிய சூலியர் விரைவில் நாடினர். 1794இல் லைட் எழுதிய குறிப்பு, ஏறத்தாழ ஆயிரம் சூலியர் அங்குக் குடியேறியிருந்தனர் என்றும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்தனர் என்றும் தெரிவிக்கிறது. கடைக்காரரும் கூலியாட்களுமாகிய அவர்களின் சுவடு ஜார்ஜ் டவுனின் சூலியா தெருப் பெயரில் இன்றும் நிலைத்துள்ளது.

முடிவுரை

மலாயாத் தமிழர் வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டத் தொழிலாளர் வருகையுடன் தொடங்குவது பெருவழக்கு. அவ்வாறு தொடங்கின், அதற்கு முன்னரே கடல்கடந்து வணிகம் புரிந்தோரும் சுமை சுமந்தோரும் மறக்கப்படுவர். 1786 அவர்களை நினைவூட்டுகிறது. கல்கத்தாவில் தூண்டப்பட்ட மொழியாய்வும் பினாங்கில் திறந்த கடல்வழியும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியபோது, புலம்பெயர்ந்தோர் மண்ணிலேயே தமிழாய்வு அரங்கேறியது; அவ்விரு போக்குகளும் அங்கு ஒன்றுகூடின.