என்புக் கலங்களும் விற்றமின் டி ஓமோன் ஒழுங்கும்

வெயிலால் தோலில் உருவாகும் விற்றமின் டி ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் மறுமுறையும் மாற்றமடைந்தே வீரிய வடிவம் பெறுகிறது. அவ்வடிவத்தின் கட்டமைப்பு 1971இல் அறியப்பட்டது. சிறுநீரகத்தில் நிகழும் மாற்றத்தைப் பராதைரொயிட் ஓமோன் தூண்டும். என்பினுள் புதைந்திருக்கும் முதிர்ந்த கலங்கள் சுரக்கும் எஃப்ஜிஎஃப்-23 என்னும் ஓமோன் அதைத் தடுக்கும். வீரிய வடிவத்தைச் சிதைக்கும் நொதியையும் பெருக்கும். அவ்வகையில் என்பையும் ஒரு சுரப்பியாகக் கொள்வதே பொருத்தம்.

சிறுநீரகத்தில் அம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதி என்பாக்கும் கலங்களிலும் உண்டு. தமக்கு வேண்டிய வீரிய விற்றமினின் ஒரு பகுதியை அவை தாமே ஆக்கவல்லன. அவ்விற்றமின் கலத்தின் ஏற்பியில் இணைந்து ராங்க்-எல் புரதத்தைக் கூட்டும்போது, என்பைக் கரைக்கும் கலங்கள் முதிர்கின்றன.

வெயில் நிறைந்த இடத்திலும் இவ்வொழுங்கு குலையலாம். வன்னியில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள விசுவமடு ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் அமைந்ததால், அங்கு ஆண்டு முழுவதும் வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும் வன்னியில், குறிப்பாக வவுனியாவில், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. சிறுநீரகம் நலிய எஃப்ஜிஎஃப்-23 உயரும், வீரிய விற்றமின் குறையும், பராதைரொயிட் ஓமோன் ஏறி என்பை அரிக்கும். இந்நோயாளிகளுக்கு வெயில் மட்டும் போதாது. குருதியில் கல்சியம், பொசுபேற்று, பராதைரொயிட் ஓமோன் மூன்றையும் அளந்தே மருந்து தீர்மானிக்க வேண்டும்.