கனரகக் கட்டுமான இயந்திரத் தொழில்

மண்ணைத் தோண்டவும் தள்ளவும் ஏற்றவும் சமன்படுத்தவும் பயன்படும் புல்டோசர், எக்ஸ்கவேட்டர், பெக்கோ, கிரேடர், ரோலர் போன்றவற்றைச் செய்து விற்பது கனரகக் கட்டுமான இயந்திரத் தொழில். அமெரிக்கா, ஜப்பான், சீனா, சில ஐரோப்பிய நாடுகள், தென்கொரியா, இந்தியா ஆகியவற்றின் கையிலேயே இத்தொழிலின் பெரும்பகுதி இருக்கிறது. இலங்கை வாங்கும் நாடு. ஆயினும் அம்பாறைக் கரையோரத்தின் வயலும் வாய்க்காலும் தெருவும் இன்றுள்ள வடிவைப் பெற்றதில் இவ்வியந்திரங்களுக்குப் பெரும் பங்குண்டு. பெருந்திட்டங்களில் எந்த நாட்டு இயந்திரம் இறங்கும் என்பது கடனும் ஒப்பந்தமும் எங்கிருந்து வந்தன என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைந்தது.

தொழிலின் தொடக்கம் அமெரிக்காவில். வில்லியம் ஓட்டிஸ் 1839இல் நீராவி மண்வாரிக்குக் காப்புரிமை பெற்றார். பனாமாக் கால்வாயை அமெரிக்கர் வெட்டியபோது அத்தகைய வாரிகளே மலையைப் பிளந்தன. 1904இல் கலிபோர்னியாவின் சதுப்பு வயல்களில் சக்கர டிராக்டர்கள் புதைந்துபோனதால் பெஞ்சமின் ஹோல்ட் சக்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலித் தடத்தைப் பொருத்திப் பார்த்தார். ஹோல்ட் நிறுவனமும் அதன் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் 1925இல் இணைந்து கேட்டர்பில்லர் ஆயின. இரண்டாம் உலகப் போரில் விமானத்தளங்களும் பாதைகளும் அமைக்க அமெரிக்கப் படை புல்டோசர்களைக் கடல் கடந்து கொண்டுசென்றது. போர் முடிந்தபோது அவற்றை உலகமே அறிந்திருந்தது.

அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த அலை கிழக்கிலங்கையை எட்டியது. பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவை மறித்து அணை கட்டும் வேலையை டி. எஸ். சேனாநாயக்கவின் அரசு 1949இல் அமெரிக்காவின் மொரிசன்-நுட்சன் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஹூவர் அணையைக் கட்டிய கூட்டமைப்பில் இருந்த நிறுவனம் அது. தலைமுறை தலைமுறையாக மண்வெட்டியாலும் கூடையாலும் குளம் கட்டிய நாட்டில், இங்கினியாகலையில் ஒரு பேரணை சில ஆண்டுகளுக்குள் எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் எனப்படும் அந்த நீர்த்தேக்கம் சுமார் 770,000 ஏக்கர்-அடி நீரைக் கொள்ளும். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அதுவே. கல்லோயா அபிவிருத்திச் சபை புல்டோசர்களைக் கொண்டு காடழித்துக் குடியேற்றங்களை அமைத்தது. ஆற்றின் கீழ்ப்புறத்தில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்கள் அந்த நீரோடு பிணைக்கப்பட்டன. மேற்கே குடியேற்றங்கள் பெருகி மக்கள்தொகை மாறியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. இயந்திரத்தின் வேகத்தை அணையின் உயரத்தால் மட்டும் அளக்க முடியாது என்பதை இக்கரையோர மக்கள் நன்கறிவர்.

மகாவலித் திட்டம் 1977க்குப் பின் துரிதப்படுத்தப்பட்டபோது உதவி பல நாடுகளிலிருந்து வந்தது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என ஒவ்வொரு அணைக்கும் ஒரு நாடு நிதி தந்தது. இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் உதவிப் பணத்தின் பெரும்பகுதி ஒப்பந்தக் கட்டணமாகவும் இயந்திர விலையாகவும் கொடுத்த நாட்டுக்கே திரும்பிச் செல்வது வழக்கம்.

அமெரிக்க முதன்மையை முதலில் அசைத்தது ஜப்பான். 1921இல் தொடங்கிய கொமட்சு, 1963இல் கேட்டர்பில்லர் மிட்சுபிஷியுடன் கூட்டுச் சேர்ந்து ஜப்பானுக்குள் நுழைந்ததும் விழித்துக்கொண்டது. தரத்தைக் கடுமையாக உயர்த்தி மறு ஆண்டே டெமிங் பரிசு பெற்றது. கேட்டர்பில்லரைச் சுற்றி வளைப்பதையே பின்னர் தன் வெளிப்படையான இலக்காகவும் வைத்தது. 1982 முதல் 1984 வரை நீண்ட வேலைநிறுத்தம், வலுத்த டாலர், சரிந்த சந்தை ஆகிய மூன்றும் சேர்ந்து கேட்டர்பில்லரைத் தொடர் நட்டத்தில் தள்ளின. 1985க்குப் பின் யென் மதிப்பு ஏறியதால் கொமட்சுவின் விலைச் சாதகம் குறைந்தது. நாணய மதிப்பு தொழிற்சாலைத் திறமையை விழுங்கிவிடும் தொழில் இது.

அம்பாறைக் கரையோரத்தின் கல்முனைத் தெருக்களில் அதிகம் காணப்படும் பெக்கோவின் கதை வேறு. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஜே.சி.பி., முன்னால் வாளியும் பின்னால் தோண்டுகையும் கொண்ட இயந்திரத்தை 1953இல் வெளியிட்டது. 1979இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு இந்தியாவில் உற்பத்தியில் இறங்கி, 2003இல் அதை முழுமையாகத் தனதாக்கிக்கொண்டது. இந்திய அரசு பி.இ.எம்.எல். நிறுவனத்தை 1964இலேயே தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் கேட்டர்பில்லர் திருவள்ளூரில் ஆலை நடத்துகிறது. வீட்டு மனைக்குக் கிறவல் நிரப்புவது, வடிகால் வெட்டுவது, சாய்ந்தமருதில் தோணா எனப்படும் நீரோடையைத் துப்புரவாக்குவது போன்ற சிறு வேலைகளுக்குப் பெக்கோவே ஏற்றது. 2004 சுனாமிக்குப் பின் மருதமுனை முதல் பொத்துவில் வரை இடிபாடு அகற்றவும் வீடமைக்கவும் இவ்வகை இயந்திரங்களின் தேவை பெருகியது.

அதே கரையோரத்தில், டென்மார்க் கடனில் எம்.டி. ஹொய்கார்ட் நிறுவனம் கட்டிய ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் நுழைவாயில் மணலால் அடைபட்டது. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. அடைந்த மணலைத் தோண்டவும் அரிப்புக்குக் கல் போடவும் மறுபடி இயந்திரங்களே தேவைப்பட்டன.

அதே காலத்தில் சீனா மேலெழுந்தது. சானி, எக்ஸ்.சி.எம்.ஜி., சூம்லியன் ஆகியவை உள்நாட்டுக் கட்டுமானப் பெருக்கத்தில் வளர்ந்து வெளியே வந்தன. கொங்கிறீற்றுப் பம்புகளுக்குப் பேர்பெற்ற ஜெர்மனியின் புட்ஸ்மைஸ்டரை 2012இல் சானி வாங்கியது. 2021இல் வெளியான உலகத் தரவரிசையில் கேட்டர்பில்லருக்கும் கொமட்சுவுக்கும் அடுத்த இடத்தை எக்ஸ்.சி.எம்.ஜி. பிடித்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் போன்ற சீனக் கடன் திட்டங்களைச் சீன நிறுவனங்களே கட்டின.

சிறு ஒப்பந்தக்காரருக்கு இப்போட்டி வேறு விதமாகவே வந்து சேர்கிறது. அவர் பெரும்பாலும் தேடுவது ஜப்பானில் பாவித்து விற்கப்பட்ட எக்ஸ்கவேட்டரையோ இந்தியப் பெக்கோவையோதான். விலைக்கு அடுத்து அவர் கேட்பது, உதிரிப்பாகம் விரைவில் கிடைக்குமா, ஹைட்ரோலிக் பம்பைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் அருகில் உண்டா என்பது. மணித்தியாலக் கூலிக்கு ஓடும் இயந்திரம் ஒரு வாரம் நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. பழைய பெயர்கள் சந்தையில் நிலைப்பதற்கும் புதியவை மலிவாயிருந்தும் தயங்கித் தயங்கி நுழைவதற்கும் இதுவே முதற்காரணம். 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் டீசல் கிடைக்காமலும் கட்டுமான வேலைகள் நின்றுபோயும் இத்தொழிலில் இருந்தவர்கள் வருமானம் இழந்தனர்.