முதிய நோயாளியின் ஒப்புதல்: ஒரு கையெழுத்தின் வரலாறு

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவமனை எழுத்தில் பெறும் சம்மதம் 'ஒப்புதல்' எனப்படும். அதை யார் தர வேண்டும் என்பதில் நம் பழக்கமும் சட்டமும் வேறுபடுகின்றன. அந்தியூர், பவானி, ஈரோடு என எங்கள் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இதைக் காணலாம். அப்பாரு தெளிந்த நினைவோடு கட்டிலில் இருப்பார். மருத்துவர் மகனை வெளியே அழைத்துப் பேசுவார். "சொன்னாப் பயந்துக்குவாருங்க" என்று மகனே கையெழுத்துப் போட்டுவிடுவார். அன்பினால் செய்வதுதான்.

வயது வந்த, தெளிந்த அறிவுள்ள ஒருவரின் உடலில் என்ன செய்யலாம் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும் என்று 1914இல் நியூயார்க் நீதிமன்றம் கூறியது. இந்தியாவில் இக்கருத்து தெளிவுபெற வெகுகாலம் ஆயிற்று. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள், ஒப்புதல் தருவோரில் கணவன் அல்லது மனைவியை முதலில் குறிப்பிட்டு, நோயாளியைக் கடைசியில் வைத்தன. அதிலும் மகனுக்கு இடமில்லை.

திருப்பம் சமிரா கோலி வழக்கில் வந்தது. 1995இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்து பெற்றிருந்தார். அந்நிலையில் அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி அவரது கருப்பை அகற்றப்பட்டது. அவசர நிலை இல்லாதபோது தாயின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள், மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றை நோயாளிக்கே விளக்க வேண்டும் என்றும் கூறியது. 'வயது வந்தவர்' என்பதற்கு மேல்வரம்பு கிடையாது. எண்பது வயதானவருக்கும் இது பொருந்தும்.

நடைமுறையில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. கண்ணாடியையும் காதுக் கருவியையும் முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டும். சந்தடியில்லாத நேரத்தில் அருகில் உட்கார்ந்து, படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். புரிந்ததை அவர் சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். என் தாயாருக்கு நான் கையெழுத்திட்ட நாளில் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய ஆசிரியன் நான்.

பேச முடியாத நிலைக்குப் போய்விட்டால்? அதற்கான விடை 'காமன் காஸ்' அமைப்பின் வழக்கில் கிடைத்தது. மீளும் வாய்ப்பில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என ஒருவர் முன்பே எழுதி வைக்கலாம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. இரண்டு சாட்சிகளோடு நீதித்துறை நடுவரின் மேலொப்பமும் தேவை என்றிருந்ததால் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. 2023 ஜனவரி 24 அன்று அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. இப்போது இரண்டு சாட்சிகளோடு, நடுவருக்குப் பதிலாக நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன் கையெழுத்திட்டால் போதும்.

எழுதியவர் விரும்பினால் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், திரும்பப் பெறலாம். அவர் தெளிவாகப் பேசும்வரை அந்த ஆவணத்துக்கு வேலையில்லை. அவரிடமே கேட்க வேண்டும்.