மொரீசியஸில் ஒரு கல்லறை, வட்டுக்கோட்டையில் ஒரு பள்ளி

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் நம் வட்டாரத்தில் குறைவு. யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளையின் பெயரைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். இந்த இரண்டுக்கும் பின்னால், மொரீசியஸ் தீவில் 19 வயதில் இறந்துபோன ஒரு பெண்ணின் கதை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதில் நம் சென்னைக் கடற்கரையும் வருவதால் எழுதுகிறேன்.

அவள் பெயர் ஹாரியட் அட்வுட். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹேவர்ஹில் என்ற ஊரில் 1793-ல் பிறந்தவள். 1812 பிப்ரவரி 9-ந் தேதி சாமுவேல் நியூவெல் என்ற இளம் பாதிரியாரை மணந்தாள். பத்து நாள் கழித்து, பிப்ரவரி 19 அன்று, சேலம் துறைமுகத்திலிருந்து 'காரவான்' என்ற சிறு பாய்க்கப்பலில் இருவரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். (இது நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்.) அதே கப்பலில் இன்னொரு புதுமணத் தம்பதியும் இருந்தார்கள்: அடோனிராம் ஜட்சன், அவர் மனைவி ஆன். ஹாரியட்டும் ஆனும் ஒரே பள்ளியில் படித்த தோழிகள். அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் மிஷனரிகளில் இவர்கள் அடக்கம்.

நான்கு மாதம் கடலில் கழித்து ஜூன் 17-ந் தேதி கல்கத்தாவில் இறங்கினார்கள். அடுத்த நாளே, ஜூன் 18 அன்று, அமெரிக்கா பிரிட்டன் மீது போர் அறிவித்தது. தந்தி இல்லாத காலம். செய்தி வந்து சேர மாதங்கள் ஆகும். அதற்கு முன்பே கம்பெனி சர்க்கார் இவர்களை வெளியேறச் சொல்லிவிட்டது. அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் எல்லைக்குள் மிஷனரிகள் இஷ்டம்போல் தங்க முடியாது. உள்ளூர் மக்களின் மத விஷயத்தில் யாராவது கை வைத்தால் வியாபாரம் கெடும் என்ற பயம். 1806-ல் நடந்த வேலூர் சிப்பாய்க் கலகம் அந்தப் பயத்தை இன்னும் கெட்டிப்படுத்தியிருந்தது.

எங்கே போவது? கம்பெனி ஆட்சிக்குள் வராத இடமாக இருக்க வேண்டும். அப்படிக் கிடைத்ததுதான் மொரீசியஸ். அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த தீவு. 1810 டிசம்பரில் பிரிட்டன் பிடித்தது. பிடித்த படையில் சென்னையிலிருந்து போன சிப்பாய்களும் உண்டு. தீவின் நிர்வாகமோ கம்பெனியிடம் இல்லை, நேராக பிரிட்டிஷ் அரசிடம் இருந்தது. கிடைத்த கப்பலில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஹாரியட் கர்ப்பிணி என்பதால் நியூவெல் தம்பதி ஆகஸ்ட் 4-ந் தேதி முதலில் கிளம்பினார்கள்.

வங்கக் கடலில் அந்தக் கப்பல் எதிர்காற்றிலும் புயலிலும் சிக்கித் தத்தளித்தது. ஓட்டை விழுந்து, காக்கிநாடா பக்கத்தில் இருக்கும் கோரிங்காவில் ஒதுங்கிச் செப்பனிட வேண்டியதாயிற்று. மறுபடி கிளம்பி நடுக்கடலில் போகும்போது ஹாரியட்டுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி இல்லை, கணவன் மட்டுமே துணை. மழையும் குளிரும் தாங்காமல் சில நாளிலேயே குழந்தை இறந்தது, கடலிலேயே விட்டார்கள். தாய்க்கு காசநோய் கண்டது. கரை சேர்ந்து ஒரு மாதம்கூட முழுசாக இருந்திருக்க மாட்டாள். 1812 நவம்பர் 30-ந் தேதி போர்ட் லூயிஸ் நகரில் இறந்தாள். கல்யாணம் ஆகிப் பத்து மாதம்கூட நிறையவில்லை.

அந்தப் போர்ட் லூயிஸில் அப்போதே தமிழர் இருந்தார்கள் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். 1735-ல் கவர்னராக வந்த லா போர்தொனே, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர், தச்சர் முதலிய கைவினைஞர்களை வரவழைத்தே நகரையும் துறைமுகத்தையும் கட்டினார். கரும்புத் தோட்டத்துக்கு நம்மவர்களைக் கூலிகளாகக் கப்பல் ஏற்றியது 1830-களுக்குப் பிறகு நடந்த, இதைவிடக் கொடிய கதை. அந்தத் தீவில் பிள்ளை பறிகொடுத்து, பெண்டாட்டி பறிகொடுத்து நின்ற தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை. ஹாரியட்டின் நாட்குறிப்பும் கடிதங்களும் 1814-ல் புத்தகமாகி அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டன. பெண் குழந்தைகளுக்கு அவள் பெயரை வைத்தார்கள்.

1813 ஜனவரியில் ஜட்சன் தம்பதி போர்ட் லூயிஸ் வந்து சேர்ந்தபோது தோழி இல்லை, அவள் கல்லறைதான் இருந்தது. மூன்றரை மாதம் தீவில் தங்கிப் பார்த்துவிட்டு, பினாங்கு போகலாம் என்ற எண்ணத்தில் மே மாதம் புறப்பட்டு, ஜூன் 4-ந் தேதி சென்னை வந்தார்கள்.

அன்றைய சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவது மசூலாப் படகு; ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. ஓட்டியவர்கள் நம் கடற்கரைக் குப்பத்து ஜனங்கள். கவிழ்ந்தால் தூக்கிவிடக் கட்டுமரம் கூடவே வரும். கவர்னரானாலும் கூலியானாலும் அவர்கள் கையை நம்பித்தான் சென்னையில் கால் வைக்க முடியும். துறைமுக வேலை ஆரம்பித்தது 1875-ல்தான்.

ஜட்சன் தம்பதி கறுப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில் இருந்த லண்டன் மிஷன் பாதிரியார் லவ்லெஸ் வீட்டில் தங்கினார்கள். டேவிட்சன் தெருவில் இன்றும் இருக்கும் தேவாலயம் அந்த லவ்லெஸ் கட்டியதுதான். ஆனால் இங்கேயும் கம்பெனி சர்க்கார். பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். உடனே கிளம்பும் கப்பல் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் ரங்கூனுக்கு. ஜூன் 22-ந் தேதி ஏறிவிட்டார்கள். பர்மாவில் அமெரிக்க மிஷன் தோன்றியது இப்படித்தான்.

தனியாளாகிவிட்ட நியூவெல் 1813 பிப்ரவரியில் மொரீசியஸிலிருந்து இலங்கைக்குப் போனார். இலங்கையும் கம்பெனிக்கு உட்படாமல் நேராக பிரிட்டிஷ் அரசின் கீழ் இருந்ததால் அங்கே தடை இல்லை. ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகத் தங்கினார், யாழ்ப்பாணத்தைப் பார்த்தார். தமிழர் வாழும் அந்த வடக்குப் பகுதிதான் மிஷனுக்கு ஏற்ற இடம் என்று அமெரிக்காவுக்கு எழுதினார். பிறகு பம்பாய் சென்று 1821-ல் காலராவில் இறந்தார்.

அந்தக் கடிதத்தின் பலன் நமக்குத் தெரிந்ததே. 1816-ல் அமெரிக்கர்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்து இறங்கினார்கள். 1823-ல் வட்டுக்கோட்டை செமினரி, 1824-ல் உடுவில் பெண்கள் பள்ளி. அந்தச் செமினரியில் படித்தவர்கள்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும். 1836-ல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு மாறி வந்த இருவரில் ஒருவர் வின்ஸ்லோ. அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி 1862-ல் சென்னையில் அச்சாயிற்று. மற்றவர் டாக்டர் ஜான் ஸ்கடர்; வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி.

மதம் மாற்றத்தான் வந்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. அதை எதிர்த்தே ஆறுமுக நாவலர் 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். அதனாலும் படித்தது தமிழ்ப் பிள்ளைகளே. நாவலரும் தாமோதரம் பிள்ளையும் பின்னாளில் ஏடுகளைத் தேடி அச்சில் ஏற்றியிராவிட்டால், பழந்தமிழ் நூல்கள் பல நம் கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

1813-லேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் கம்பெனியின் சாசனத்தைத் திருத்தி, மிஷனரிகள் இந்தியாவுக்கு வர வழி செய்தது. ஹாரியட் இறந்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வருடம் பிந்திக் கப்பல் ஏறியிருந்தால் அவளும் குழந்தையும் பிழைத்திருக்கலாம். நியூவெல் கல்கத்தாவிலேயே தங்கியிருப்பார்; வட்டுக்கோட்டைக்கு யார் போயிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.