டீசல் எஞ்சினின் புகை வெப்பநிலை

டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிந்து முடிந்த வாயு, மேனிஃபோல்டு வழியே வெளியேறும்போது அதில் இருக்கும் சூடே புகை வெப்பநிலை. எஞ்சின் தன் சக்திக்கு மீறி உழைப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான். ரேடியேட்டர் நீரின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடப் பல நிமிடங்கள் ஆகலாம். புகையின் சூடு சில நொடிகளில் ஏறிவிடும். அப்படியிருந்தும் பழைய லாரிகளிலும் சிறிய ஜெனரேட்டர்களிலும் இதை அளக்கும் கருவியைக் காண்பது அரிது.

பட்டுக்குப் பேர்போன ஆரணியில் குழித்தறிக்கு மின்சாரம் தேவையில்லை. பட்டு நூலை முறுக்கும் இயந்திரத்துக்குத் தேவை. ஊரின் இன்னொரு பெருந்தொழிலான நெல் மில்லுக்கும் தேவை. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் தமிழகத்தின் சிற்றூர்த் தொழில்களைத் தாங்கியவை டீசல் ஜெனரேட்டர்களே. நெல் மில்லின் காற்றில் உமித்தூசி மிதக்கும். அது ஏர் ஃபில்டரில் அப்பிக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். லோடு குறையாததால், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதைக் குறைக்காது. காற்று குறைந்து டீசல் குறையாதபோது புகை கறுக்கும், சூடு ஏறும். கத்திரி வெயிலில், காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகைக்குள் தன் அனலையே திரும்ப உறிஞ்சும் எஞ்சினுக்கு நிலைமை இன்னும் மோசம்.

டர்போவுக்கு முன்னால் அளந்தால், லோடில்லாமல் ஓடும்போது 100 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நடுத்தர லோடில் 300 முதல் 500. தொடர்ந்து ஓட்டுவதற்கு 650 முதல் 700 வரை எல்லை என்பது பொதுவான கணக்கு. 750-ஐ ஒரு மேட்டில் சில நொடிகள் தொடலாம், அங்கேயே நிற்கக் கூடாது. தயாரிப்பாளர் தந்த எல்லை இருந்தால் அதுவே இறுதி. பிஸ்டனின் அலுமினியக் கலவை 600 டிகிரிக்குச் சற்று முன்பே உருகத் தொடங்குகிறது. ஆனாலும் அது பிழைப்பதற்குக் காரணம், அனல் ஒவ்வொரு சுற்றிலும் கணநேரமே அதைத் தாக்குவதும், ரிங்குகளும் ஆயிலும் சூட்டைக் கடத்திச் செல்வதும். அந்த ஏற்பாடு தோற்கும்போது பிஸ்டனின் தலை உருகும், வால்வு கருகும், டர்போவின் சக்கரம் வெடிப்புவிடும்.

டர்போவைத் தாண்டி அளந்தால் முழு லோடில் 100 டிகிரிக்கு மேல் குறைத்தே காட்டும். ஆகவே சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை மேனிஃபோல்டிலேயே பொருத்துவது சரி. இதற்குப் பரவலாகப் பயன்படுவது குரோமெல், அலுமெல் என்ற இரு கலவைக் கம்பிகள் சேர்ந்த கே வகை. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் இந்த வெப்பத்தை உணரும் சென்சார்கள் கம்பெனியிலிருந்தே வருகின்றன. கரித்துகள் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும் என்பதால், அங்கே கணினியே வேண்டுமென்று சூட்டை ஏற்றுகிறது.

அரிசி மூட்டை ஏற்றிய லாரி கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேட்டில் ஏறும்போது, பெரிய கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தி இழுப்பதே எஞ்சினைச் சுடவைக்கும். ஒரு கியர் இறக்கினால் சுற்று கூடும், காற்று கூடும், சூடு தணியும். ஜெனரேட்டருக்கு மருந்து லோடைக் குறைப்பதும் ஃபில்டரைத் தட்டிப் பார்ப்பதும். மின்சாரம் வந்ததும் சத்தம் அடங்கட்டும் என்று உடனே அணைப்பவர்கள் பலர். லோடை எடுத்துவிட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். இல்லையென்றால் டர்போ பேரிங்கில் தேங்கிய ஆயில் அங்கேயே கருகிக் கரியாகப் படியும்.