ஓடிபி: புதுக்கோட்டை மாவட்டத்தில்

ஒரே ஒரு முறை செல்லுபடியாகும் ரகசிய எண். இணையவழிச் சேவை கேட்பவரை உறுதிப்படுத்த, அவர் பதிவு செய்த கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவோ வாட்ஸ்அப்பிலோ வரும். ஆதார் ஓடிபிக்கு 6 இலக்கம், 10 நிமிட ஆயுள். குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் தன் அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதி.

அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் பகுதி விவசாயிகளுக்கு இந்த எண் பெரும்பாலும் மத்திய அரசின் விவசாயி உதவித்தொகைத் திட்டமான பிஎம் கிசான் வழியாகவே அறிமுகம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெற இ-கேஒய்சி என்ற மின்னணு அடையாளச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். அதற்கு ஓடிபி ஒரு வழி. ஆதாரில் உள்ள எண் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகனுடையது என்றால்தான் சிக்கல். அவர் வேலை முடிந்து செய்தியைப் பார்ப்பதற்குள் நேரம் கடந்துவிடும். கைரேகை வைக்கலாம்தான், ஆனால் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களைக் கருவி பல சமயம் ஏற்பதில்லை. அப்படிப்பட்ட முதியவர்களுக்கு அவர்கள் கையில் இருக்கும் எண்ணையே ஆதாரில் சேர்ப்பதுதான் சரியான தீர்வு. 2021 முதல் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து இதைச் செய்து தருகிறார்.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.